பன்னிரண்டாவது மெட்டு எங்கே நிற்கிறது?

கேள்வி: என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளி நிகழ்ச்சியில் ஒரு பையன் உகுலேலே வாசித்ததைப் பார்த்ததிலிருந்து வீட்டில் அதே பேச்சு. இணையத்தில் தேடியதில் மூன்று கண்ணில் பட்டன. ஒன்று, பிலிப்பைன்சில் செபுவிலிருந்து வருவது. தேங்காய்ச் சிரட்டையில் செய்து, ஆமைப் படம் வரைந்திருக்கிறார்கள், 95 வெள்ளி. இரண்டாவதும் அதே ஊர்தான். பலா மரத்தில் கையால் செய்ததாம், கொஞ்சம் பெரிது, 240 வெள்ளி. மூன்றாவது தொழிற்சாலையில் செய்த ஒட்டுப்பலகை, உறையோடு 110 வெள்ளி. கைவேலை என்றாலே எனக்கு ஒரு மதிப்பு. என் கணவர் இங்கே நாற்காலி மேசை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். "மெஷின் அறுத்ததை வாங்கு, கோணல் இருக்காது" என்கிறார். படத்தைப் பார்த்தே நல்லது கெட்டது கண்டுபிடிக்க வழி உண்டா? நம் ஊர் ஈரத்துக்குத் தாங்குமா? மகள் சனிக்கிழமைகளில் பிரிக்பீல்ட்சில் வாய்ப்பாட்டும் கற்கிறாள். இது அதைக் கெடுக்குமா?
– வாசகி, மேரு, கிள்ளான்

பதில்: சகோதரி, உங்கள் கணவர் சொன்னதில் முக்கால்வாசி சரி. மிச்சக் கால்வாசியில்தான் அந்த 240 வெள்ளிக் கருவி நிற்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் சிரட்டையைப் பேசி முடித்துவிடலாம்.

சிரட்டைமீது எனக்குப் பகை ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டுத் திருவிழாக்களில் கொட்டாங்கச்சி வயலின் விற்பார்கள். அரைச் சிரட்டை, ஒரு மூங்கில், ஒரு கம்பி, ஒரு வில்; அவ்வளவுதான். விற்பவர் அதில் சினிமாப் பாட்டை அப்படியே இழைத்துக்காட்டுவார். பிள்ளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து இழுத்தால் பூனை கத்தும். கருவி அதேதான், விரல் வேறு. அதில் சுரத்தைத் தேடிப்பிடிப்பது வாசிப்பவரின் விரலும் காதும். உகுலேலேயில் அந்த வேலையைக் கருவி செய்த ஆள் முன்னமே செய்து முடித்திருக்க வேண்டும். கழுத்தின் குறுக்கே வரிசையாக அடித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் அவருடைய விடைத்தாள். கித்தார்க்காரர்கள் அவற்றை ஃபிரெட் என்பார்கள், வீணைக்காரர்கள் மெட்டு என்பார்கள். நான் மெட்டு என்றே எழுதுகிறேன்.

வீணையில் 24 மெட்டுகள். தேன்மெழுகும் கரியும் கலந்த படுகையில் ஒவ்வொன்றாக வைத்து, காதால் கேட்டு, மயிரிழை மயிரிழையாக நகர்த்தி நிறுத்துவார்கள். காலப்போக்கில் மெழுகு இளகிச் சுருதி பிசகினால் எடுத்து மறுபடி கட்டிக்கொள்ளலாம். சரவாக்கில் ஓராங் உலு மக்களின் சாப்பேயிலும் பழைய முறை இதுதான்: மூங்கில் அல்லது பிரம்புத் துண்டுகளை மெழுகால் ஒட்டி, வேண்டிய இடத்துக்கு நகர்த்திக்கொள்வார்கள். உகுலேலேயில் அந்தச் சலுகை கிடையாது. மரத்தை ரம்பத்தால் கீறி, அந்தப் பள்ளத்தில் கம்பியை அடித்து இறக்கிவிடுகிறார்கள். ஒரு மில்லிமீட்டர் தள்ளிக் கீறினால் அந்தக் கருவி இருக்கிற வரை அந்தச் சுரம் தள்ளித்தான் பேசும்.

அந்த ஒரு மில்லிமீட்டர் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேல்முனையில் தந்திகள் உட்காரும் சிறு துண்டு நட்; கீழே குதிரைமேல் இருக்கும் துண்டு சாடில். இரண்டுக்கும் நடுவில் அதிர்வதுதான் தந்தியின் நீளம். சின்ன உகுலேலேயான சொப்ரானோவில் அது சுமார் 345 மில்லிமீட்டர், அடுத்த அளவான கான்சர்ட்டில் சுமார் 380. கித்தாரில் 650. பன்னிரண்டாவது மெட்டில் மேல் சட்ஜம் பேச வேண்டுமானால் அது சரிபாதியில் நிற்க வேண்டும். கித்தாரில் அது 1 மில்லிமீட்டர் தள்ளி நின்றால் பிசகு ஏறத்தாழ 5 சென்ட். சென்ட் என்பது அரைச்சுரத்தை நூறாகப் பகுத்த ஒரு பங்கு. 5 சென்ட் பழகாத காதுக்குத் தெரியாது. அதே பிசகு சொப்ரானோவில் 10 சென்ட் ஆகிவிடும். கருவி சிறுக்கச் சிறுக்கக் கைப்பிசகின் விலை ஏறுகிறது. பெரிய கருவியைச் சுமாராகச் செய்து தப்பித்துவிடலாம், சின்னதில் முடியாது. மலிவானது, சின்னது, கையால் செய்தது என்று மூன்றும் ஒன்றுசேரும்போது நான் பயப்படுவது இதனால்தான்.

கைக்கணக்கே மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். 1581இல் வின்சென்சோ கலிலேயி, வானத்தைத் தொலைநோக்கியால் பார்த்தாரே கலிலியோ, அவருடைய தகப்பனார், லூட் வாசிப்பவர், மெட்டு வைக்க ஒரு வழி எழுதினார். மிச்சமிருக்கும் தந்தி நீளத்தைப் பதினெட்டாகப் பிரித்து ஒரு பங்கில் அடுத்த மெட்டை வை, அவ்வளவுதான். இன்றைய கணக்கில் அந்தப் பதினெட்டு 17.817 ஆகியிருக்கிறது. பழைய கணக்கை அப்படியே வைத்துச் சொப்ரானோ செய்தால் பன்னிரண்டாவது மெட்டு சுமார் 1.2 மில்லிமீட்டர் மேலே நின்றுவிடும். ஆனால் தந்தியை மெட்டில் அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதி கொஞ்சம் ஏறும். அந்த ஏற்றம் இந்தக் குறையை ஓரளவு சரிக்கட்டியது. நூற்றாண்டுகளாக அதை வைத்தே நல்ல கருவிகள் செய்திருக்கிறார்கள். அளந்து செய்கிற கையை நான் குறை சொல்ல மாட்டேன். கண் மட்டத்தில் கீறுகிற கைதான் பிரச்சினை. சுற்றுலாப் பயணிக்காகச் செய்யும் சிரட்டை உகுலேலேக்களில் அதுதான் அதிகம். அவை சுவரில் மாட்டச் செய்தவை. போதாக்குறைக்கு, அரைச் சிரட்டைக்குள் அடங்கும் காற்று மிகக் கொஞ்சம், ஒலி கீச்சென்றுதான் வரும். முதுகு உருண்டை என்பதால் பத்து வயதுப் பிள்ளையின் மடியில் நிற்காமல் வழுக்கும். ஆமை அழகாக இருந்தால் வரவேற்பறைக்கு வாங்குங்கள், மகளுக்கு வேண்டாம்.

இனி உங்கள் கணவர் கட்சி. தொழிற்சாலையில் மெட்டுப் பள்ளங்களை மெஷின் கீறுகிறது. ஆயிரம் கழுத்து அறுத்தாலும் ஒரே இடம். 110 வெள்ளிக் கருவியில் மெட்டு தப்பாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அங்கே தப்பு வேறு இடத்தில் நடக்கும். நட்டில் தந்தி உட்காரும் பள்ளத்தை இறுதியில் ஒரு ஆள் அரம் வைத்து ஆழப்படுத்த வேண்டும். அதற்கு நேரம் ஆகும், நேரம் என்றால் கூலி. கொஞ்சம் அதிகமாக ராவிவிட்டால் தந்தி மெட்டில் உரசி இரையும், வாங்கியவர் திருப்பி அனுப்புவார். அதனால் மலிவுக் கருவிகளில் தந்தியை உயரமாகவே விட்டுவிடுகிறார்கள். பிள்ளை முதல் மெட்டில் அழுத்தும்போது விரல் வலிக்கும், சுரமும் தூக்கலாகப் பேசும். "எனக்கு வரலை" என்று இரண்டு வாரத்தில் மூலையில் போட்டுவிடுவாள். குற்றம் அவளுடையதாக இருக்காது. ஆனால் இது திருத்தக்கூடிய குற்றம். கித்தார் பழுது பார்க்கும் எந்தக் கடையிலும் நட்டை ராவி, சாடிலைத் தேய்த்து இறக்கித் தருவார்கள். தொழிற்சாலைக் கருவியின் வழக்கமான கோளாறுக்கு மருந்து உண்டு, கைவேலைக் கருவியின் வழக்கமான கோளாறுக்குக் கிடையாது. மலிவு விலையில் நான் மெஷின் பக்கம் சாய்வது இதனால்தான்.

அப்படியானால் அந்தப் பலா மரக் கருவி? அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. செபுவை ஒட்டிய மக்தான் தீவில், லாப்பு-லாப்பு நகரப் பகுதியில், கித்தார் செய்வது பரம்பரைத் தொழில். பிலிப்பைன்சில் பலாவை லங்கா என்பார்கள். உடலுக்கும் முகப்புப் பலகைக்கும் அதை எடுப்பார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையும் பலாவில் குடைவதுதான். ஒலிக்குப் பலா நல்ல மரம் என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம். அந்த ஊரில் அச்சுப்பலகை வைத்து அளந்து மெட்டடிக்கும் பட்டறைகளும் உண்டு, விமான நிலையக் கடைக்காகச் செய்து குவிப்பவர்களும் உண்டு. இருவருமே இணையத்தில் கைவேலை என்றுதான் போடுவார்கள். அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், கேட்பாரில்லை.

படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமா என்று கேட்டீர்கள். ஓரளவு முடியும். கருவியை நேர்முகமாக எடுத்த படம் ஒன்று இருந்தால் கைப்பேசியில் பெரிதாக்கி, மகளின் அடிக்கோலை எடுத்து அதன்மேல் வையுங்கள். நட்டிலிருந்து பன்னிரண்டாவது மெட்டு வரை எவ்வளவு, அங்கிருந்து சாடில் வரை எவ்வளவு என்று பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணும்போது உடலும் கழுத்தும் சேரும் இடத்தைக் கவனியுங்கள்; சொப்ரானோவில் பெரும்பாலும் அங்கேதான் பன்னிரண்டாவது மெட்டு வரும். பிறகு இடைவெளிகளைப் பாருங்கள்: நட்டிலிருந்து கீழே வர வர ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சற்றுக் குறுகியிருக்க வேண்டும். நடுவில் ஒன்று திடீரென்று அகன்றிருந்தால் படத்தை மூடிவிடலாம். அடிக்கோலில் இரு பாதிகளும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வேறுபட்டாலும் அப்படியே. படம் சாய்வாக எடுத்ததாக இருந்தால் இந்தச் சோதனை செல்லாது, விற்பவரைத்தான் கேட்க வேண்டும்.

அவரிடம் மரம் என்ன, யார் செய்தது என்றெல்லாம் விசாரிக்காதீர்கள்; எல்லாரும் அழகாகப் பதில் சொல்லிவிடுவார்கள். அளவு கேளுங்கள். நட் முதல் பன்னிரண்டாவது மெட்டு வரை எத்தனை மில்லிமீட்டர், அங்கிருந்து சாடில் வரை எத்தனை? அளந்து செய்தவர் பட்டென்று சொல்வார். இரண்டாவது எண் முதல் எண்ணைவிட 1 முதல் 3 வரை கூடுதலாக இருந்தால் மகிழுங்கள். அழுத்தும்போது ஏறும் சுருதிக்கு இடம் விட்டுச் செய்திருக்கிறார், விஷயம் தெரிந்த கை. அடுத்து, பன்னிரண்டாவது மெட்டுக்கு மேல் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அடிக்கோல் வைத்து ஒரு படம் கேளுங்கள். இரண்டரையிலிருந்து 3 மில்லிமீட்டர் நல்லது, 4 என்றால் பிள்ளையின் விரலுக்கு ஆகாது. முழுப்பலகையா ஒட்டுப்பலகையா என்று சந்தேகம் வந்தால் நடுத் துளையின் விளிம்பைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒட்டுப்பலகை என்றால் அடுக்குகள் கோடு கோடாகத் தெரியும். அளவு கேட்டதற்கு "வெரி குட் சவுண்ட் மேடம்" என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

இடையில் ஒன்று, உங்கள் வீட்டுக்காரருக்காகச் சொல்கிறேன். 1879 ஆகஸ்ட் 23இல் போர்த்துகலின் மதெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக ஆட்களை ஏற்றிக்கொண்டு ரேவன்ஸ்கிரேக் என்ற கப்பல் ஹொனலூலு சேர்ந்தது. அதில் மனுவேல் நூனெஸ், அவுகுஸ்தோ டியாஸ், ஜொசே தோ எஸ்பிரிட்டோ சாந்தோ என்று மூவர் வந்தார்கள். மூவரும் மேசை நாற்காலி செய்யும் தச்சர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த மச்செட்டே என்ற சின்னக் கித்தாரை ஹவாய்த் தீவின் கோவா மரத்தில் செய்யத் தொடங்கினார்கள். அதுதான் உகுலேலே ஆயிற்று. தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய கப்பலின் கதையை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதே வகைப் போர்த்துகீசியச் சின்னக் கித்தார் அதற்கு வெகு முன்பே ஜாவாவில் இறங்கி குரொன்சோங் இசையின் கருவியாகிவிட்டது. நம் பி. ரம்லி பினாங்கில் முதலில் பழகியதும் உகுலேலேதான். ஆகவே நாற்காலி செய்யும் கை இதில் அந்நியக் கை இல்லை. கருவி வந்ததும் நட்டை ராவுவதை உங்கள் கணவரே செய்துவிடக்கூடும். ஒரு மெல்லிய அரமும் பொறுமையும் போதும், ஒரே மூச்சில் ராவாமல் இருந்தால் சரி.

ஈரத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஒட்டுப்பலகை நம் பருவத்துக்கு நன்றாகவே தாங்கும், அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அவ்வளவு சீக்கிரம் வெடிக்காது. செபுவும் கிட்டத்தட்ட நம்மைப்போலவே புழுங்கும் ஊர். அந்தக் காற்றில் பதப்பட்ட மரம் மேருவுக்கு வந்து அதிர்ச்சி அடையாது. ஆபத்து வேறு இரண்டு. இரவெல்லாம் ஏர்கோன், பகலெல்லாம் புழுக்கம் என்று மாறி மாறி வரும் படுக்கையறையில் முழுப்பலகைக் கருவியை உறையில்லாமல் வைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காரில் எந்தக் கருவியையும் விட்டுவிட்டுச் சந்தைக்குள் போகாதீர்கள். அந்தச் சூட்டில் பசை இளகிக் குதிரை பெயர்ந்து வரும். உறைக்குள் ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல் போதும், பூஞ்சை வராது. ரப்பர் மரத்தில் செய்தது என்று யாராவது விற்றால் பதப்படுத்திய மரமா என்று கேளுங்கள். பால்மரத்தைப் பூச்சி எவ்வளவு விரும்பும் என்று நாற்காலித் தொழிற்சாலைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பணத்துக்கு வருவோம். 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வாங்கும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. 240 என்று போட்டிருந்தால் 264 என்று எண்ணிக்கொள்ளுங்கள். அனுப்பும் செலவு தனி. ஷாப்பீ, லசாடா போன்ற தளத்தின் வழியாக மட்டும் பணம் கட்டுங்கள். "நேரடியாக வங்கியில் போட்டால் தள்ளுபடி" என்று விற்பவர் செய்தி அனுப்பினால் அந்த உரையாடல் அத்தோடு முடியட்டும். ஏற்கெனவே போட்டுவிட்டு மோசம் போனது தெரிந்தால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழைக்க வேண்டும். உள்ளூர் விற்பனையாளர் என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை வழக்காடலாம். செபுவில் இருப்பவரை அங்கே இழுப்பது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே உங்கள் கையில் இருக்கும் உண்மையான ஆயுதம், பொருள் கிடைத்துவிட்டது என்ற பொத்தானை அழுத்தாமல் வைத்திருப்பதுதான். பெட்டியைப் பிரிப்பதைக் காணொளி எடுத்துவிடுங்கள். பொத்தானை அழுத்துவதற்கு முன் கீழே சொல்லும் சோதனையைச் செய்துவிடுங்கள், பத்து நிமிடம் ஆகாது.

கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி ஒன்றை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். தந்திகளை ஜி, சி, இ, ஏ என்று சேருங்கள். புதுத் தந்தி சில நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் சரிபார்த்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். ஒரு தந்தியைத் திறந்து மீட்டுங்கள். பிறகு பன்னிரண்டாவது மெட்டில் மெதுவாக அழுத்தி மீட்டுங்கள். அதே எழுத்து வர வேண்டும், முள் நடுவில் நிற்க வேண்டும். 10 சென்ட்டுக்குள் என்றால் இந்த விலைக்கு நல்ல கருவி. 20ஐத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள், நான்கு தந்தியிலும் அப்படியென்றால் யோசிக்கவே வேண்டாம். நட்டைப் பார்க்க, இரண்டாவது மெட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் தந்தியை அழுத்திக்கொண்டு முதல் மெட்டின் மேல் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஒரு தாள் நுழையும் அளவு போதும். சோளத் தட்டையே நுழையும்போல இருந்தால் கணவரிடம் அரத்தைக் கொடுங்கள்.

பாட்டு வகுப்பை இது கெடுக்காது. பாட்டு வாத்தியாருக்குப் புரியும்படி சொன்னால், அந்த நான்கு தந்திகளும் ஐந்து கட்டை, ஒரு கட்டை, மூன்று கட்டை, ஆறு கட்டை. ஜி தந்தி ஐந்து கட்டை. பெண்பிள்ளைகள் பலர் பாடும் சுருதிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சினிமாப் பாட்டுக்குக் கூடவே வாசிக்க மூன்று நான்கு கார்டுகள், அதாவது சுரக்கூட்டுகள், தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் கமகத்துக்கு இதை நம்பாதீர்கள். நைலான் தந்தியில் ஒலி சட்டென்று அவிந்துவிடும், இழுத்துப் பேசவைக்க நேரம் கிடைக்காது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் குட்டிக் கருவியில் ராகம் வாசித்தாரே என்று யாராவது சொல்வார்கள். அவர் வாசித்தது மின்சார மாண்டலின். ஒலி நீண்டு நின்றதற்கு அந்த மின்சாரம் பெரிய காரணம், மற்றது அவர் விரல். ஒரு எச்சரிக்கை மட்டும்: சுருதி பிசகிய கருவியை வைத்துக்கொண்டு மகள் தினமும் பாடிப் பழகினால் காது அந்தப் பிசகுக்கு ஒத்துப்போய்விடும். வாத்தியார் அதை எடுக்க மாதக் கணக்கில் மெனக்கெட வேண்டியிருக்கும். பன்னிரண்டாவது மெட்டை நான் இவ்வளவு நச்சரிப்பது பெரும்பாலும் அதற்காகத்தான்.

எதை வாங்குவது? இன்றே பலாமரக்காரருக்கு அந்த இரண்டு அளவையும் கேட்டுச் செய்தி அனுப்புங்கள். எண்கள் சரியாக வந்தால் அதையே வாங்குங்கள்; கான்சர்ட் அளவில் மெட்டுகளுக்கிடையே விரலுக்கு இடம் அதிகம், வளர்கிற பிள்ளைக்குப் பல ஆண்டு வரும். எண் வராவிட்டால் 110 வெள்ளி ஒட்டுப்பலகை, மிச்சக் காசில் ஒரு நல்ல தந்தித் தொகுதி. அக்குயிலா என்ற இத்தாலிய நிறுவனத்தின் வெள்ளைத் தந்தி போட்டால் மலிவுக் கருவியும் ஒருபடி மேலே பேசும். கடைக்காரர் இரும்புத் தந்தி கொடுத்தால் மட்டும் வாங்காதீர்கள்; அதன் இழுவைக்கு உகுலேலேயின் குதிரை தாங்காது, முகப்புப் பலகையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.